வாடிக்கையாளர் யார்? விக்கிரவாண்டி மோட்டலும் நட்சத்திர ஓட்டல் கூட்ட அரங்கும்

சென்னையிலிருந்து இரவு ஒன்பதரை, பத்துக்குத் தெற்கே கிளம்புகிற பஸ் திண்டிவனத்தைப் புறவழியில் ஓரங்கட்டிவிட்டு, நள்ளிரவு தாண்டி விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு மோட்டலில் போய் நிற்கும். ஒரு பையன் பஸ்ஸின் உடம்பைத் தட்டிக்கொண்டே 'டீ, காபி, டிபன்' என்று கத்துவான். 'பதினஞ்சு நிமிஷம் நிக்கும், சாப்புடறவங்க சாப்ட்டுக்கலாம்' என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரும் டிரைவரும் உள்ளே தனி அறைக்குப் போவார்கள். அங்கே அவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு வரும், பில் வராது. வெளியே நமக்கு ஆறிய பரோட்டா. பில் வரும், விலை நம் ஊர் விலையாக இருக்காது.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வழியில் போய்வருகிறேன். ரொம்ப நாள் எனக்கும் இது கண்டக்டரின் 'ஊழல்' என்றுதான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஓட்டல் தொழிலின் தர்க்கம் மேல்பூச்சில்லாமல் தெரிகிற இடம் இது என்றுதான் தோன்றுகிறது.

'வாடிக்கை' என்றால் வழக்கமாக நடப்பது. வாடிக்கையாளர் என்பவர் வழக்கமாக வருகிறவர். அந்த மோட்டலுக்கு நான் வழக்கமாக வருகிறவன் அல்ல. அடுத்த முறை என் பஸ் வேறு மோட்டலில் நிற்கலாம். ஆனால் பஸ் தினமும் வரும். ஆக மோட்டலின் வாடிக்கையாளர் பஸ்தான், நான் அது கொண்டுவந்து இறக்குகிற சரக்கு. பரோட்டா ஏன் ஆறிப்போயிருக்கிறது என்பதற்கு முதலாளியின் குணத்தை ஆராய வேண்டியதில்லை. மறுபடி வராதவனுக்கு நல்லதைக் கொடுத்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாங்குகிறவனால் தரத்தை முன்கூட்டி அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டும் என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்துச் சொன்னார். இங்கே நிலைமை இன்னும் மோசம். பழைய கார் வாங்குகிறவன் வேண்டாமென்று திரும்பிப் போகலாம். நள்ளிரவில் நான்குவழிச் சாலை ஓரத்தில் எங்கே போவது?

சாப்பாட்டையாவது தவிர்க்கலாம், மூத்திரத்தைத் தவிர்க்க முடியாது. இந்த வழியில் போகிற பெண்கள் பலர் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. 'வாடிக்கையாளர் முடிவெடுத்தல்' பற்றி எழுதுகிற நிர்வாகவியல் புத்தகங்களில் இந்த முடிவுக்கு ஒரு பத்தியும் நான் பார்த்ததில்லை.

அந்தப் புத்தகங்கள் வேறொரு விதத்தில் உதவும். நிறுவனங்கள் பொருள் வாங்கும்போது முடிவு ஒரே ஆளிடம் இருப்பதில்லை என்று 1972இல் வெப்ஸ்டர், விண்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதினார்கள். பயன்படுத்துபவர், செல்வாக்குச் செலுத்துபவர், வாங்குபவர், முடிவெடுப்பவர், வாயில்காப்பவர் என்று ஐந்து பாத்திரங்கள். விற்கிறவனின் சாமர்த்தியம் இதில் யாரைக் குறிவைப்பது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நம் பஸ்ஸில் பயன்படுத்துபவர் பயணி. முடிவெடுப்பவர், ஒப்பந்தப்புள்ளி கோரி பஸ்ஸுக்கு இவ்வளவு என்று மோட்டலிடம் கட்டணம் வாங்குகிற போக்குவரத்துக் கழகம். ஆம்னி பஸ் என்றால் அதன் முதலாளி. ஒப்பந்தம் ஒரு பக்கம் இருக்க, அன்றைய ராத்திரி வண்டியை எங்கே ஒடிப்பது என்பது ஓட்டுகிறவர் கையில். காசு கொடுப்பவர் மட்டும் மறுபடியும் பயணி! கழகம் வாங்குகிற கட்டணமும், அந்தத் தனி அறைச் சாப்பாடும் சேர்ந்துதான் நம் இட்லி விலையில் வந்து உட்கார்கின்றன.

இதைப் படித்துவிட்டு 'ஹைவே கொள்ளை' என்று முகம் சுளிக்கிறவர்கள் இதே ஏற்பாடு குளிர்சாதன அறைக்குள் நடக்கும்போது சுளிப்பதில்லை. மாநாடுகள், கம்பெனிக் கூட்டங்கள், கண்காட்சிகள் என்று உலகம் முழுக்க நட்சத்திர ஓட்டல்களுக்குப் பெரும் வருமானம் தருகிற கூட்டத் தொழிலிலும் சாப்பிடுகிறவர் வேறு, தேர்ந்தெடுப்பவர் வேறு. எந்த ஓட்டலில் முந்நூறு பேருக்கு அறை போடுவது என்று தீர்மானிக்கிற கூட்ட ஏற்பாட்டாளரை ஓட்டல்காரர்கள் 'இடம் பார்க்க' அழைத்து இலவசமாகத் தங்கவைப்பார்கள். அறை வாடகையில் பத்து சதவீதம் இடைத்தரகருக்குக் கமிஷன் என்பது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். 2018இல் மாரியட் நிறுவனம் வட அமெரிக்கக் குழு முன்பதிவுகளுக்கு அதை ஏழாகக் குறைத்தபோது தொழிலே கொந்தளித்தது. கண்டக்டர் தட்டில் விழுகிற கோழித்துண்டுக்கும் இந்தப் பத்து சதவீதத்துக்கும் கோட்பாட்டளவில் என்ன வித்தியாசம்? ஒன்றுக்குக் 'கமிஷன்' என்று சொல்லாடல் இருக்கிறது, மற்றதற்கு 'ஓசிச் சோறு' என்ற வசை. கூலிக்காரன் வாங்கினால் ஊழல், கோட்டுப் போட்டவன் வாங்கினால் வணிக உத்தி.

நம் கூட்டங்களுக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இயக்கக்காரர்களுக்கு மாநாட்டு அரங்கம் என்றால் கல்யாண மண்டபம்தான். முகூர்த்தமில்லாத நாளில், ஆடியில், மார்கழியில் வாடகை குறையும். காலியாகக் கிடக்கிற நாளை மலிவாக விற்பதைப் பெரிய ஓட்டல்கள் 'வருவாய் மேலாண்மை' என்கின்றன. நம் மண்டபக்காரர் பஞ்சாங்கத்தைப் பார்த்து அதைச் செய்கிறார். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் மனித உரிமைக் கருத்தரங்குக்கு மண்டபம் பிடித்து முன்பணமும் கட்டியிருந்தோம். இரண்டு நாள் முன்பு மேனேஜர் வீட்டுக்கே வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 'தப்பா எடுத்துக்காதீங்க சார், மேலேர்ந்து ஃபோன் வந்துச்சி. எனக்கு மண்டபம் நடக்கணும்.' வெப்ஸ்டரும் விண்டும் வாயில்காப்பவரை வாங்குகிற நிறுவனத்துக்குள் வைத்தார்கள். நமக்கு அவர் வெளியே, தொலைபேசியில் இருக்கிறார்.

இன்னொன்று, யார் வாடிக்கையாளராக எண்ணப்படுகிறார் என்பதே இங்கே சாதியால் கட்டமைக்கப்பட்ட ஒன்று. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு பெரியாரின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க 1957இல் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொன்ன பின்னும் டீக்கடைகளில் தனி டம்ளர் இருந்தது. அந்த டம்ளரில் குடித்தவரும் காசு கொடுத்துத்தான் குடித்தார். 'வாடிக்கையாளரே ராஜா' என்ற வாசகத்தை இந்த ஊர்களில் மாட்டிவைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இது பழங்கதையும் அல்ல. 2022இல் அரசுப் பஸ்கள் நிற்கும் உணவகங்களுக்கான ஒப்பந்தப்புள்ளியில் சைவ உணவு மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற அத்தனை பேரின் தட்டையும் யாரோ ஒரு அதிகாரி ஒரு வரியில் தீர்மானித்துவிட்டார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த வரி நீக்கப்பட்டது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்ன இரண்டு வழிகளில், விலகிப்போவது பஸ் பயணிக்கு இல்லை, குரல் கொடுப்பது மட்டுமே மிச்சம். அதுவும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துப் பயனில்லை. அவருடைய வாடிக்கையாளர் நாம் இல்லையே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கழிப்பறை, விலைப்பட்டியல், நிற்கிற நேரம் எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் முடிவாகின்றன.

பஸ்கள் ஊருக்குள் போன காலத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் பத்து கைகள் நீளும். வெள்ளரிப்பிஞ்சு, வேர்க்கடலை, நுங்கு. ஒருத்தியிடம் பிடிக்கவில்லையென்றால் அடுத்தவளிடம். பேரம் உண்டு, ஏமாற்றும் உண்டு. ஆனால் தேர்வு நம்மிடம் இருந்தது. நான்குவழிச் சாலையும் புறவழியும் வந்து, தொலைதூர பஸ்கள் ஊரைத் தொடாமல் போனதும் அந்தப் பெண்களின் வியாபாரம் மோட்டலின் கண்ணாடி அலமாரிக்கு மாறியது.

போன மாதம் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, புளிச்சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். மோட்டல் திண்ணையில் உட்கார்ந்து பிரித்ததும் ஒரு பையன் ஓடிவந்து, 'வெளிச்சாப்பாடு இங்க சாப்புடக்கூடாதும்மா' என்றான். 'நானா இங்க நிறுத்தச் சொன்னேன்?' என்று கேட்டார் அந்த அம்மா. பையன் பதில் சொல்லாமல் நின்றான், பிறகு அடுத்த பஸ்ஸைத் தட்டப் போய்விட்டான். அவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்.