கற்பனை நாட்டில் ஒரு நகராட்சி

இக்காலத்து இளைஞரிடையே ஒரு புதிய விளையாட்டுப் பரவியிருக்கிறது. இல்லாத ஒரு நாட்டை உண்டென்று வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் சூட்டுவார்கள், கொடி வரைவார்கள், ஆறும் மலையும் எல்லையும் குறித்துப் படம் தீட்டுவார்கள். பிறகு ஒருவர் பிரதமர், ஒருவர் நீதிபதி, ஒருவர் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தின் மேயர் என்று பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் நேரிற் காணாமலே கணிப்பொறியின் வாயிலாக அந்நாட்டை ஆண்டு வருவார்கள். பீளமேட்டில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஒரே மன்றத்தில் அமர்ந்து வழக்காடுவது இவ்விளையாட்டில் இயல்பு.

இதனை வீண்பொழுது என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நகராட்சி அலுவலகம் ஒன்றின் வரிப்பிரிவில் பல்லாண்டு இருந்தவன் நான். ஊராட்சி என்றால் என்னவென்று விளையாட்டாகவாவது ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஏங்கியதுண்டு. இப்போது கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு விடை சொல்ல வேண்டாமா?

விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இராபர்ட் பென் மாடிசன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் தன் படுக்கையறையைத் தனி நாடென்று அறிவித்தான். தலோசா என்பது அதன் பெயர். அந்த அறை நாடு பின்னர்க் கணிப்பொறி வலையில் ஏறி, பல தேசத்தாரைக் குடிகளாகப் பெற்றது. அதற்கு மாகாணங்களும் தேர்தல்களும் வந்தன. 2002-இல் மாக்ஸ் பாரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 'நேஷன்ஸ்டேட்ஸ்' என்ற விளையாட்டைத் தொடங்கினார். அதில் எவரும் ஒரு நாட்டைப் படைத்து, எழும் சிக்கல்களுக்கு ஒரு முடிவைத் தெரிந்தெடுத்து ஆளலாம்.

இவற்றில் நான் கண்ட ஒரு குறையைச் சொல்ல வேண்டும். நாட்டைப் படைப்பவர் அரசியல் சட்டத்தை அழகாக எழுதுகிறார். படையணிகளுக்குச் சீருடைகூட வகுக்கிறார். நகரங்களோ படத்தில் வெறும் புள்ளிகளாக நிற்கின்றன. அவற்றை யார் ஆள்வது என்று கேட்டால், நல்லவர் ஒருவரை மேயராக நியமித்துவிட்டோம் என்கிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

தனியொருவர் ஆடும் நகர விளையாட்டும் உண்டு. வில் ரைட் என்பார் 1989-இல் வெளியிட்ட 'சிம்சிட்டி' அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியியல் அறிஞர், பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்சுடன் கலந்து ஆராய்ந்து, நகரத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் கணக்கியல் வடிவில் காட்டும் நூல் ஒன்றை 1969-இல் எழுதியிருந்தார். அக்கருத்துகள் ரைட்டுக்குத் துணையாயின. அவ்விளையாட்டில் வரி தொடக்கத்தில் 7 விழுக்காடு. அளவு கடந்து ஏற்றினால் மக்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கு மெய்தான். ஆனால் போகிற மனிதன் ஒரு சொல்லும் சொல்லாமல் போகிறான்! நான் கண்ட மனிதர்கள் அப்படிப் போனவர்கள் அல்லர். குழாயில் நீர் வராதபோது எதற்கு வரி என்று என் மேசைக்கு முன் நின்று கேட்டார்கள். மறுநாள் வார்டு உறுப்பினரையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த உறுப்பினர் விளையாட்டில் இல்லை.

மெய்யான நகரம் எவ்வாறு ஆளப்பட்டது என்பதற்கு நம் கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்வோம். 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், 1866-இல் இங்கே நகரசபை அமைந்தது. முதல் தலைவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ். அன்றைய ஊருக்குப் பெருங்குறை குடிநீர். மேற்கே மழைவளம் மிக்க மலைத்தொடர் தெரிகிறது. ஊரிலோ கிணறுகளில் உப்புநீர். பத்திரிகையாசிரியரான சே. ப. நரசிம்மலு நாயுடு சிறுவாணி மலைப்பகுதிக்குச் சென்று பார்த்து, அந்நீரை நகருக்குக் கொணரலாம் என்று 1889 வாக்கிலேயே எடுத்துரைத்தார். நீர் வந்து சேர்ந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்! இடையில் பிளேக் நோய் ஊரைப் பலமுறை சூறையாடிற்று. 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயருடைய கோயில்கள் அந்நாளின் அச்சத்துக்கு இன்றும் சான்று.

ஏன் நாற்பது ஆண்டு? விளையாடுபவர் மலையிலிருந்து ஊருக்கு ஒரு கோடு இழுத்தால் குழாய் பதிந்துவிடும். நகரசபைக்கோ பணம் வேண்டும். கடன் வாங்க மேலரசின் ஒப்புதல் வேண்டும். காட்டுக்குள் நுழைய இசைவு வேண்டும். இத்தனையையும் விடாது தொடர்ந்து முடித்தவர்களில் தலையாயவர், நகரசபைத் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார். ஆர். எஸ். புரம் என்று நாம் வாய்க்கு எளிதாகச் சுருக்கிவிட்டது அவர் பெயரைத்தான். கதை அத்துடன் முடியவில்லை. மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது சிறுவாணியின் நீர்ப்பிடிப்புக் கேரளத்தில் அமைந்தது. ஆகவே 1973-இல் இரு மாநிலங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி புதிய அணை எழுந்தது. ஒரு நகரத்தின் தாகம் தீர இரண்டு அரசுகள் கையொப்பமிட வேண்டியிருந்தது. கற்பனை நாட்டில் பட்டினங்களை வரையும் இளைஞர்களிடம் நான் சொல்வதுண்டு: உங்கள் நகரத்தின் நீரை அடுத்தவர் மலையில் வையுங்கள், ஆட்சி என்பது தானே விளங்கும்.

இந்த நகரசபையில் பயின்றவர்களும் உளர். ஆர். கே. சண்முகம் செட்டியார் இளமையில் இங்கே உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் இருந்தார். அவரே 1947 நவம்பரில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தவர். சாக்கடைக் கணக்குப் பார்த்தவர் நாட்டுக் கணக்கும் பார்த்தார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நீரைப் போலவே குப்பையும் ஆட்சியின் உரைகல். விளையாட்டில் குப்பைக் கிடங்கை ஊரின் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கோவையின் குப்பை வெள்ளலூர்க் கிடங்குக்குச் செல்கிறது. 1842-இல் ரோமானியரின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த தொன்மையான ஊர் அது. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் காசு எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 2024 ஏப்ரலில் அக்கிடங்கில் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. 2022-இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது வெள்ளலூர் ஒரு தனிப் பேரூராட்சி. புகையைச் சுவாசிக்கும் அவ்வூராருக்குக் குப்பையை அனுப்பும் மன்றத்தின் தேர்தலில் வாக்கில்லை. எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது படம் வரைபவரின் அழகுணர்ச்சியைச் சேர்ந்த செய்தியன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். 1981-இல் சிங்காநல்லூர் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டு கோவை மாநகராட்சி ஆயிற்று. பெயர் உயர்ந்தது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் மேயர் பதவியேற்றது 1996-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் தனி அலுவலர்களே நகரை நடத்தினார்கள். 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எழுபத்துநான்காவது திருத்தம், மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றும் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. இனி இடைவெளி நேராது என்று நம்பினோம். 2011-இல் மூன்று நகராட்சிகளும் ஏழு பேரூராட்சிகளும் ஓர் ஊராட்சியும் இணைந்து கோவை நூறு வார்டுகளாகப் பெருகியது. 2016 அக்டோபரில் அம்மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மீண்டும் வழக்கு என்று நாள் நீண்டது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் நூறு நாற்காலிகளும் வெறுமையாக இருந்தன.

அக்காலத்தில் ஆட்சி நின்றுவிடவில்லை. விளக்கு எரிந்தது, வரி வாங்கப்பட்டது. ஆணையரே தனி அலுவலராக இருந்தார். ஆணையர் என்ற முறையில் ஒரு திட்டத்தை முன்மொழிவார். மன்றத்தின் அதிகாரம் பெற்ற தனி அலுவலர் என்ற முறையில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றுவார். மீண்டும் ஆணையராகி அதைச் செயற்படுத்துவார். இதில் அலுவலர் மீது குற்றமில்லை. சட்டம் அவருக்கு அளித்த இடம் அது. ஆயினும் நேயர்களே, இது தனியொருவர் ஆடும் கணிப்பொறி விளையாட்டைப் போலவே இல்லையா? நகரின் குடிநீர் வழங்கலை இருபத்துநான்கு மணி நேரமும் நடத்துவதற்கென்று ஒரு பிரெஞ்சு நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் கையொப்பமானது 2018 ஜனவரியில். அது நன்றா தீதா என்று தீர்ப்புரைக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக் காலத்துக்குரிய அந்தத் தாளில் கையொப்பம் விழுந்த நாளில், எழுந்து நின்று ஒரு வினா எழுப்ப ஒரு வார்டு உறுப்பினரும் இல்லை.

மன்றம் திரும்பி வந்த பிறகும் எல்லாம் அதன் கையில் இல்லை. 2022-இல் புதிய உறுப்பினர்கள் பதவியேற்ற சில வாரங்களுக்குள் சொத்துவரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு என்று விகிதத்தை வகுத்தது மாநில அரசு. வசைமொழி கேட்டவர் வார்டு உறுப்பினர்! மேயரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதுகூட இங்கே ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 1996-இல் நேரடித் தேர்தல், 2006-இல் மறைமுகம், 2011-இல் மறுபடி நேரடி, 2022-இல் மறுபடி மறைமுகம். விளையாட்டின் நடுவே விதியை மாற்றுகிறவன் ஆட்டக்காரனாகவும் இருந்தால் என்ன நேரும் என்று சிறுவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகையால் கற்பனை நாட்டை ஆளும் இளைஞர்களுக்கு நான் தரும் யோசனை இது. மேயரை நியமிக்கும் முன்னர், அவரை மறுத்துப் பேச ஐந்தாறு பேரையாவது மன்றத்தில் அமர்த்துங்கள். அவர்களுள் ஒருவர் குப்பைக் கிடங்கின் அருகே குடியிருக்கட்டும். நகரத்துக்கென்று ஒரு வரியைப் பிரித்துக் கொடுங்கள். அதன் விகிதத்தை நாட்டின் பிரதமர் தொடக்கூடாது என்று எழுதுங்கள். மன்றத்தின் காலம் முடிந்து தேர்தல் நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே முடிவு செய்யுங்கள். அரசியல் சட்டத்தில் எழுதியும் நமக்கு ஐந்தாண்டு இடைவெளி நேர்ந்தது. ஆகையால் வெறும் விதி போதாது. இத்தனை நாளுக்குள் தேர்தல் வராவிடில் தனி அலுவலர் புதிய கடனோ நீண்டகால ஒப்பந்தமோ செய்தல் ஆகாது, அன்றாடப் பணியை மட்டும் நடத்தலாம் என்று ஒரு தடை வைத்துப் பாருங்கள். பிரதமராக ஆடுபவர் அதை விரும்பமாட்டார். அவரை ஒரு பருவத்துக்கு வார்டு உறுப்பினராக ஆடச் சொல்லிவிட்டு, பிறகு வாக்கெடுப்பு நடத்துங்கள்.