ஒழுகுவது ஓரிடம், கோளாறு வேறிடம்

“ஏன்ணா, மஞ்சத்தூள் போட்டா நின்னுடும்னாங்களே?”

பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று எந்தப் பக்கத்திலிருந்து பழைய டிராக்டர் வந்தாலும் முதல் கேள்வி இதுதான். ரேடியேட்டர் ஒழுகல் நிற்கும்தான். மஞ்சள் ஊறிப் போய் ஓட்டையில் உட்காரும். ராயக்கோட்டையில் தக்காளி லோடை இறக்கிவிட்டு வீடு வந்து சேர அது போதும். ஆனால் எது ஓட்டை, எது தண்ணீர் போகிற வழி என்று மஞ்சளுக்குத் தெரியாது. நல்ல டியூபிலும் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒழுகல் இருக்காது, கொதிப்புதான் இருக்கும். ஒழுகுகிற ரேடியேட்டரால் தண்ணீர்தான் நஷ்டம். அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஹெட் கேஸ்கெட்டையே காவு வாங்கும்.

ஓசூரில் பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைப்பது என் தொழில். 1980-இல் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்து ஊரே மாறிவிட்டது. இப்போது வெளிவரும் வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியக் கோர், மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க். அதற்கு ஈயம் ஒட்டாது. நாங்கள் அழுக்கெடுக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரைந்தே போகும். பழுதானால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். என்னிடம் வருவதெல்லாம் பழைய மாஸி 1035, எச்எம்டி, ஃபோர்டு. பெரும்பாலும் கோடையில் லேஅவுட்களுக்குத் தண்ணீர் டேங்கர் இழுத்துக் களைத்தவை.

மாஸிக்கு இங்கே தனி மரியாதை. 1960-இல் சென்னையில் அதைச் செய்யும் டாஃபே தொடங்கியதிலிருந்து அது தமிழ்நாட்டு வண்டி. உள்ளே சிம்ப்சன் எஞ்சின், அதுவும் சென்னைச் சரக்கு. 1959-இல் பரிதாபாத்தில் டிராக்டர் செய்ய ஆரம்பித்த ஐஷர்க்காரர்கள் காற்றிலேயே குளிரும் எஞ்சின் வைத்தார்கள். ரேடியேட்டரே கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் யாரும் என் கடைப்பக்கம் வந்ததில்லை. எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு, கோபமும் உண்டு.

ரேடியேட்டர் கைக்கு வந்ததும் முதலில் கழுவக் கூடாது. காய்ந்த நிலையில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு நிற்கும், அதன் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதைக் கழுவிவிட்டால் சாட்சியைக் கலைத்த மாதிரி. பிறகு ஹோஸ் வாய் இரண்டையும் ரப்பரால் அடைத்து, மூடி வழியே பம்பில் காற்றுக் கொடுத்துத் தொட்டியில் அமுக்குவோம். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸ் குறி. காற்று அதிகம் போகக் கூடாது. மூடி ஏழு பவுண்டு தாங்குவது என்றால் பத்துக்கு மேல் நான் ஏற்றமாட்டேன். பழைய தையல்கள் அதற்கே பிரிந்து, ஒரு ஓட்டையோடு வந்த ரேடியேட்டர் நாலோடு திரும்பும்.

பெரும்பாலும் டியூபில் ஓட்டை இருக்காது. டியூப்கள் போய்ச் சேரும் தகட்டுக்கும் மேல் டேங்குக்கும் நடுவே உள்ள ஈயத் தையல்தான் விரிசல் விட்டிருக்கும். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ரேடியேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் திண்டு எப்போதோ தேய்ந்து உதிர்ந்திருக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு முழுக்க அந்தத் தையலில் இறங்குகிறது. திண்டு போடாமல் ஈயம் மட்டும் வைத்தால் அடுத்த உழவுக்குள் அதே இடம் பிரியும்.

ஈயம் வைப்பதில் பாதிக்கு மேல் சுத்தம் செய்கிற வேலைதான். குறி போட்ட இடத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, மஞ்சள் பித்தளை பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவியதும் சிறு புகை எழும். அந்தப் பக்கம் மூக்கை நீட்டக் கூடாது. வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், பித்தளை தொள்ளாயிரத்தைத் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு. சூடு பித்தளையில் ஏறி, பித்தளை ஈயத்தை உருக்க வேண்டும். நெருப்பை நேராக ஈயத்தில் காட்டினால் அது உருண்டு மணியாக நிற்கும். ஒட்டினதுபோல் தெரியும், விரலால் தட்டினால் விழும். சரியான சூட்டில் விரிசலுக்குள் சரேலென்று தானாக ஓடும். அந்த நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தையலும் இளகிவிடும். காரீயத்தோடு வேலை என்பதால் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடமாட்டேன். ஆறிய பின் ஆசிட் போகக் கழுவியாக வேண்டும், விட்டால் அதுவே அடுத்த ஓட்டையைத் தோண்டும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் குற்றவாளி அதுதான். இங்கே பாறை மண். ஆயிரம் அடி போட்டு எடுக்கும் போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக வருகிறது. ஒகேனக்கல் குடிநீர் 2013-இல் வந்தது புளோரைடுக்காக. பல்லைக் கெடுப்பது அது. ரேடியேட்டரைக் கெடுப்பது சுண்ணாம்பு. வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு, தட்டையான டியூபுக்குள் படிந்தால் என்ன ஆகும்? கொதித்து ஆவியாவது சுத்தத் தண்ணீர். சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். கேனில் போர்த் தண்ணீரைப் பிடித்து நிரப்ப நிரப்பப் பொருக்கு தடிக்கும். மேல் டேங்கைக் கழற்றி, தட்டைக் கம்பியை ஒவ்வொரு டியூபாக விட்டு இழுத்தால், ஈரச் சுண்ணாம்பு கொட்டும். கம்பி போகாத டியூப் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வண்டி ஏன் சூடாகிறது என்று தெரிந்துவிடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், முடிந்தால் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஆனால் கூலன்ட் தித்திப்பு, விஷம். வடித்ததை மாடோ நாயோ நக்கும்படி விடாதீர்கள்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சென்னையில் நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும். ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி அதை நூற்றெட்டு, ஒன்பது வரை தள்ளிவைக்கிறது. மூடி தொலைந்தது என்று துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு வருபவர்கள், அந்தப் பன்னிரண்டு டிகிரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். சூடேற இன்னொரு காரணமும் உண்டு. கேப்பை அடிக்கிற நாளில் தூசும் உமியும் முன் ஃபின்களில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்தால் போகும். சூடான மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ரிப்பேர் எவ்வளவு வரை? ஒன்றிரண்டு டியூப் போயிருந்தால் இரண்டு முனையிலும் ஈயத்தால் அடைத்துவிடலாம். அதற்கு மேல் அடைத்தால் குளிர்ச்சி குறையும். கோரையே மாற்றுவதுதான் நியாயம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கோர் கிடைக்கும், பழைய பித்தளை டேங்குகளை அதில் பொருத்திக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது பழைய கோரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செம்பும் பித்தளையும் எடைக்கு நல்ல விலை போகும். பல பட்டறைகளில் கூலி குறைவாகச் சொல்வதே அதை நம்பித்தான்.