கோழிக்கூண்டில் பாம்பு புகாமல் தடுப்பது எப்படி?

கொல்லைப்புறத்தில் ஐந்தாறு நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு அவைதான் அவசரத்துக்கு உதவும் கைமுதல். ஒரு பெட்டைக்கோழி 10 முதல் 15 முட்டைகள் இட்டபின் அடையில் அமர்கிறது. குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும். இத்தனை நாள் காத்திருந்து பெற்ற பலனை ஒரு பாம்பு ஒரே இரவில் விழுங்கிவிட்டுப் போய்விடுகிறது. காலையில் கூடையைத் திறந்து பார்க்கும்போது வைக்கோல் மட்டுமே மிஞ்சுகிறது.

முட்டையும் குஞ்சும் போவது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. முட்டை எடுக்க இருட்டில் கூண்டுக்குள் கை விடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே. முட்டையைத் தேடி வந்த பாம்பு உள்ளே சுருண்டு கிடந்தால் கடி படுவது அந்தக் கைதான். ஆகவே கோழியைப் பாம்பிடமிருந்து காப்பது குடும்பத்தைக் காப்பதும் ஆகும்.

எந்தப் பாம்பு வருகிறது?

கோழிக்கூண்டை நாடி வருபவற்றில் சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் முக்கியமானவை. இரண்டும் எலி, தவளை, குஞ்சு, முட்டை ஆகியவற்றைத் தின்பவை. சாரைக்கு நஞ்சு இல்லை. வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பதால் அதை உழவனின் நண்பன் என்றே சொல்லலாம். ஆனால் நிறத்தில் சாரையும் நல்ல பாம்பும் ஒத்திருப்பதால், அரையிருட்டில் பார்த்துப் பிரித்தறிவது எளிதன்று. படம் எடுக்காத பாம்பெல்லாம் சாரை என்று எண்ணிக் கை வைப்பது பெருந்தவறு.

கண்ணாடி விரியன் பெரும்பாலும் எலியைத் தேடியே வருகிறது. மலையடிவாரக் கிராமங்களில் மலைப்பாம்பு முழுக்கோழியையே விழுங்குவதுண்டு.

களவு போனது யாரால்?

கோழி செத்தாலே பாம்பின்மேல் பழி போடுவது வழக்கம். அடையாளம் கண்டு கொண்டால்தான் சரியான தடுப்பைச் செய்ய முடியும். இறகு சிதறி, ரத்தம் சிந்தி, கழுத்து கடிபட்டிருந்தால் கீரி அல்லது பூனையின் வேலையாக இருக்கும். உடைந்த முட்டை ஓடு கிடந்தால் எலி அல்லது கீரியைச் சந்தேகிக்கலாம். பகலில் திறந்த வெளியில் குஞ்சு குறைந்தால் பருந்தோ காக்கையோ தூக்கியிருக்கும்.

பாம்பு மெல்லுவதில்லை; முழுதாக விழுங்கும். எனவே ஓடோ, இறகோ, ரத்தமோ இல்லாமல் முட்டையும் குஞ்சும் மறைந்திருந்தால் அது பாம்பாக இருக்கக்கூடும். குஞ்சு செத்துக் கிடந்து, அதன் தலையும் கழுத்தும் ஈரமாகி இறகுகள் ஒட்டியிருந்தால், பாம்பு விழுங்க முயன்று முடியாமல் விட்டது என்று கொள்ளலாம். பெரிய கோழி காயம் தெரியாமல் அடையிலேயே செத்துக் கிடந்தால் நச்சுப்பாம்பு தீண்டியிருக்கவும் கூடும், நோயாகவும் இருக்கலாம். எதுவாயினும் அந்தக் கோழியைச் சமைக்காமல் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

முட்டைகளை விழுங்கிய பாம்பு, உடல் பருத்துவிடுவதால் வந்த சந்து வழியே வெளியேற முடியாமல் கூண்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. காலையில் முதலில் கூண்டைத் திறப்பவர் இதை மறக்கலாகாது.

தானியம் சிந்தினால் எலி, எலி வந்தால் பாம்பு

பல வீடுகளில் பாம்பு முதலில் கோழிக்காக வருவதில்லை. கோழிக்குத் தூவிய கம்பும் நொய்யும் மண்ணில் சிந்திக் கிடக்கின்றன. அதைத் தின்ன இரவில் எலி வருகிறது. எலியின் வாடையைப் பிடித்துக்கொண்டு பாம்பு வருகிறது. வந்த இடத்தில் முட்டையையும் காண்கிறது. ஆகவே பாம்புத் தடுப்பு வேலை தீவனத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு வேளைக்கு எவ்வளவு தின்னுமோ அவ்வளவு மட்டுமே தீவனம் இட வேண்டும். மாலையில் தட்டை எடுத்துக் கழுவிவிட்டு, சிந்தியதைப் பெருக்கி அள்ள வேண்டும். தானியத்தை மூடியுள்ள தகர டின்னில் வைப்பது நல்லது. எலி வளைகளைக் கல்லும் சிமெண்டுக் கலவையும் இட்டு அடைக்க வேண்டும். தஞ்சாவூர் கிட்டி போன்ற பொறிகளை வைத்து எலியைப் பிடிக்கலாம். கோழி மேயும் இடத்தில் எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்தையோ மருந்து தின்று செத்த எலியையோ கோழி கொத்தினால் அதுவும் சாகும்.

தண்ணீர்ச் சட்டியிலிருந்து வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் தவளை சேரும்; தவளையைத் தேடியும் பாம்பு வரும். இரவு முழுவதும் கூண்டருகே விளக்கு எரிந்தாலும் பூச்சியும் தேரையும் கூடும். தேவையான போது மட்டும் விளக்குப் போடுவது போதும்.

கூண்டைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்குப் புல், புதர் இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். விறகு அடுக்கு, வறட்டிக் குவியல், உடைந்த ஓடு, செங்கல் ஆகியவை கூண்டை ஒட்டி இருக்கலாகாது. சாய்ந்து தொங்கும் மரக்கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். சாரை நன்றாக மரம் ஏறக் கூடியது.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கடைகளில் கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை வெளியே விடாது. பாம்பை உள்ளே விட்டுவிடும். அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே ஏற்றது. முட்டை விழுங்கும் அளவுள்ள பாம்பு அதில் நுழைய முடியாது. அடைக்கூடைக்கும் குஞ்சுப் பெட்டிக்கும் கால் அங்குலக் கண் வலை இன்னும் பாதுகாப்பானது. பாம்பு ஏறி வரும் என்பதால், வலை அடிப்பக்கம் மட்டும் இருந்தால் போதாது. கூரையும் சுவரும் சேரும் சந்து, கதவின் அடிப்பகுதி, கீல் பக்கம் எல்லாவற்றையும் பார்த்து அடைக்க வேண்டும்.

தரையில் அமைந்த கூண்டானால் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைக்கலாம். அல்லது அடியில் கல் பாவலாம். தூக்கிக் கட்டிய கூண்டானால் தரையிலிருந்து இரண்டடி உயரம் வைத்து, கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடிக்கலாம். கோழி ஏறும் பலகையை இரவில் எடுத்துவிட வேண்டும்.

பழைய மீன்வலையையும் நைலான் வலையையும் சுற்றிக் கட்டுவோர் உண்டு. அதில் பாம்பு சிக்கிக் கொள்ளும். உயிரோடு சிக்கிய பாம்பை விடுவிக்கப் போவதே ஆபத்து. அவ்வகை வலையைத் தவிர்ப்பது நலம்.

முழுக் கூண்டுக்கும் வலை அடிக்க வசதி இல்லாதவர்கள் முதலில் அடைக்கோழியையும் குஞ்சுகளையும் காக்கலாம். வளர்ந்த கோழியைச் சாரையோ நல்ல பாம்போ விழுங்குவது அரிது. இழப்பில் பெரும்பகுதி முட்டையும் குஞ்சுமே. பழைய மரப்பெட்டி ஒன்றுக்குக் காற்றோட்டத்துக்காக ஒரு பக்கம் மட்டும் வலை அடித்து, இறுக மூடும் கதவு வைத்தால் செலவு குறையும். பஞ்சாரம் கவிழ்ப்பவர்கள் அதைக் கல் தளத்தில் வைத்து, சுற்றிலும் வலை சுற்றி, மேலே கல் ஏற்ற வேண்டும். வெறும் பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கு பாம்புக்கு வாசல் போன்றது.

பாதுகாப்பு என்று எண்ணி அடைக்கூடையைப் படுக்கும் அறையில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். முட்டையைத் தேடும் பாம்பு, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் அருகிலேயே வந்துவிடும். இப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வாடையை நம்பலாமா?

பூண்டு கரைத்துத் தெளிப்பது, சிறியாநங்கைச் செடி நடுவது, அந்துருண்டை போடுவது என்று பல யோசனைகள் சொல்லப்படுகின்றன. இவற்றை நம்பிக் கூண்டை அடைக்காமல் விடலாகாது. அந்துருண்டையும் கார்பாலிக் அமிலமும் கோழிக்கும் குழந்தைகளுக்கும் கேடு செய்யக் கூடியவை. கினிக்கோழி பாம்பைக் கண்டால் பெருங்கூச்சல் போட்டு எச்சரிக்கும். அது காவலுக்கு உதவும், கதவுக்கு ஈடாகாது.

பாம்பைக் கண்டால்

கூண்டில் பாம்பு இருப்பது தெரிந்தால் யாரும் உள்ளே கை விடக் கூடாது. பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, தொலைவில் நின்று அது எங்கே போகிறது என்று கவனித்தபடி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் தர வேண்டும். அடிக்கப் போய்க் கடிபடுவோர் பலர். மேலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் கிராம மக்களே.

கடிபட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையைக் கட்டுவது போல் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம்; ஆகவே வலி இல்லை என்று காத்திருக்கலாகாது. நஞ்சை முறிக்கும் மருந்து மருத்துவமனையில்தான் உண்டு. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுத்து வழங்கி வருகிறது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

முட்டையைக் காலையும் மாலையும் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் டார்ச் அடித்துப் பார்த்து, வைக்கோலை நீண்ட குச்சியால் கிளறிய பின்பே கை நீட்ட வேண்டும். வைக்கோல் போரிலும் விறகு அடுக்கிலும் கோழி கள்ளத்தனமாக முட்டையிடாமல் இருக்க, கூண்டிலேயே வைக்கோல் இட்ட கூடை வைத்துப் பழக்கலாம். மழை பெய்து வளைகளில் நீர் புகும் காலத்தில் பாம்பு மேட்டையும் காய்ந்த இடத்தையும் நாடும். அப்போது வலையையும் சந்துகளையும் வாரம் ஒரு முறை சோதிப்பது அவசியம்.

மாலையில் தீவனத் தட்டை எடுத்து, தரையைப் பெருக்கி, கோழிகளை எண்ணி அடைத்து, கதவைத் தாழிட கால் மணி நேரம் போதும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் இந்த வேலையை முடித்துவிட்டால், இரவில் கூண்டுப் பக்கம் போக வேண்டிய தேவையே இராது.