சாம்பல் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

வண்ணத்துப்பூச்சியைப் பென்சிலால் மட்டும் வரைவது வீண்வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நிறம்தானே அதன் அழகு, அதை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எழுவைதீவு, அனலைதீவு போன்ற வறண்ட தீவுகளில் எருக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியை நிறத்தை வைத்து அடையாளம் காணப்போனால் ஏமாந்துபோக இடமுண்டு. வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் பூச்சி எருக்கிலையில் முட்டையிடும். புழு இலையைத் தின்னும்போது எருக்கம்பாலின் நஞ்சையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். இறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு போகாது. ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்டப் போகாது. இந்தக் காவலில் ஓசியாகப் பங்கு கேட்கிறது வேறோர் இனம். அதன் ஆண், கறுப்பு இறகில் வெள்ளை வட்டங்கள் கொண்டது. பெண்ணோ வெந்தய வரியனின் செம்மஞ்சளையும் கறுத்த இறகு நுனியையும் வெள்ளைப் பட்டையையும் அப்படியே பூண்டிருக்கும். குருவியை ஏய்க்கும் இந்த வேடம் மனிதக் கண்ணையும் ஏய்க்கும். வேறுபாடு பின்னிறகில் இருக்கிறது: வரியனுக்கு நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள், வேடக்காரிக்கு மேல்விளிம்பருகே ஒன்றே ஒன்று. வண்ணம் பூசுகிறவர் செம்மஞ்சளைப் பூசித் திருப்தியடைந்துவிடலாம். பென்சில் பிடித்தவருக்கு அந்த வசதி இல்லை; புள்ளியை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்று அவர் எண்ணியே ஆகவேண்டும்.

இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெருநூல் முழுக்க வண்ணப் படங்களாயிற்றே என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். பிரெடரிக் மூர் எழுதி 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலுக்கான மூலப் படங்களைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸின் மேற்பார்வையில் வரைந்தவர்கள் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள். பூங்காவின் ஓவியராகப் பல்லாண்டு இருந்த ஹார்மானிஸ் டி அல்விஸின் மக்கள் அவர்கள். பூச்சியோடு நில்லாமல் புழுவையும் கூட்டுப்புழுவையும் வரைந்தார்கள். இறந்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் வரைந்தவர்களுக்கு அது வாய்க்காத காரியம். அந்த நூல் அச்சான விதத்தையும் பார்க்கவேண்டும். முதலில் கல்லச்சில் கோடுகள் பதியும். அதன்மேல் தாள் தாளாகக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். பூச்சியை நேரில் பார்த்தே இராதவர்கூட வண்ணம் தீட்ட முடிந்தது. நரம்பின் ஓட்டமும் புள்ளியின் இடமும் கோட்டிலேயே முடிவாகியிருந்ததுதான் காரணம்.

கைபேசி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. சான்றாக வைத்திருக்கப் படம்பிடிப்பதே மேல், அதில் வழக்கில்லை. ஆனால் படம்பிடித்தவர் பூச்சியைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவரிடம் தாளைக் கொடுத்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் தெரியும்: நான்கு இறகுகளையும் வயிற்றில் ஒட்டிவிடுவார். உண்மையில் இறகுகளும் கால்களும் மார்பிலிருந்தே புறப்படுகின்றன. நீண்ட வயிற்றில் ஒன்றும் கிடையாது. கால்கள் ஆறு என்று பள்ளியில் படித்திருப்போம்; வெந்தய வரியன் நான்கில்தான் நிற்கும், முன்கால் இரண்டும் சிறுத்து மார்போடு மடங்கியிருக்கும். ஒரு பக்கத்து இறகை மட்டும் நன்றாக வரைந்து, மெல்லிய தாளை மடித்து மறுபக்கத்துக்கு ஒற்றியெடுப்பது பழைய உத்தி, தவறில்லை. எச்.பி. பென்சிலில் உருவும் நரம்பும், 4பி-யில் கறுப்பு நுனி. இதற்கு மேல் கருவி தேவையில்லை.

பென்சிலின் பயன் மஞ்சள் பூச்சிகளில் இன்னும் தெளிவாகும். எல்லாம் ஒரே மஞ்சள். முன்னிறகின் அடிப்பக்க அறைக்குள் ஒரு புள்ளியா, இரண்டா, மூன்றா என்பதே இனத்தைச் சொல்லும். இங்கே வண்ணப்பெட்டி ஏறக்குறைய வேலையற்றது. பென்சில் தோற்கும் இடமும் உண்டு, ஒளிப்பானேன். ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறும் ஒரு கறுப்புப் பூச்சியையும், எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்ந்து அதைப்போல் வேடமிடும் பெண் பூச்சியையும் பிரிப்பது உடலின் நிறம்: முன்னதற்குச் சிவப்பு, பின்னதற்குக் கறுப்பு. சாம்பல் கோட்டில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. அதற்கும் வழியிருக்கிறது. உடலிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, ‘சிவப்பு’ என்று எழுதிவிடலாம்.