பேச்சுக்குத் துணை நிற்பவர்

புனே அருகிலுள்ள பிம்ப்ரி என்றால் மோட்டார்த் தொழிற்சாலைகளும், 1954இல் மத்திய சர்க்கார் ஸ்தாபித்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையும்தான் பலருக்கு நினைவு வரும்.  அவை வேறு கதை; இங்கே சொல்வது அவ்வூரின் காது கேளாத குழந்தைகளுக்குத் துணை நிற்பவரைப் பற்றி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு வாய்ப்பேச்சு தானாக வந்துவிடுவதில்லை. அதை வரவழைக்கும் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்காருகிறவர் பேச்சுப் பயிற்சி உதவியாளர்.

பிளஸ் டூ முடித்தவர்கள், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற ஓராண்டு டிப்ளமோ படித்து இவ்வுத்தியோகத்துக்கு வரலாம். மைசூரில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் ஸ்தாபனம் இந்த டிப்ளமோவையும் நடத்திவருகிறது. குறையை நிர்ணயிப்பதும், சிகிச்சை முறையை வகுப்பதும் பட்டம் பெற்ற நிபுணரின் அதிகாரம். வகுத்ததை நாள்தோறும், சலிப்பின்றி, அதே ஒலியை மீண்டும் மீண்டும் சொல்லி நடத்துவது உதவியாளரின் பொறுப்பு.

காலையில் முதல் காரியம் காதுக் கருவியைச் சோதிப்பது. பாட்டரி பார்த்தபின், உதட்டசைவு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைத் தனித்தனியே எழுப்ப, கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு மரக்கட்டையை டப்பாவில் போடவேண்டும். ஆ, ஊ இரண்டுக்கும் போட்டுவிட்டு ஸ் என்னும்போது சும்மா இருந்தால், உச்ச ஸ்தாயி ஒலிகள் எட்டவில்லை என்று ஊகித்து நிபுணரிடம் தெரிவிக்கவேண்டும். இந்தக் கவனம் இல்லாவிட்டால், விலையுயர்ந்த கருவியும் காதில் மாட்டிய ஆபரணமே.

பிம்ப்ரியில் இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. மராத்தி ஊரில், தேசப் பிரிவினைக்குப்பின் குடியேறிய சிந்திகளும், ஆலை வேலைக்கு வந்த தமிழரும் பிறரும் கலந்து வசிக்கிறார்கள். மராத்தியில் ப என்பதற்கும் மூச்சு கலந்த ப்ஹ என்பதற்கும் பேதமுண்டு. உதட்டெதிரே காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று காட்டி அதைப் பழக்குவார்கள். தமிழ்க் குழந்தைக்கு இந்த அப்பியாசம் அநாவசியம். அதற்கு வேண்டிய ழகரமோ மராத்தியில் கிடையாது.

"வீட்டில் எந்த பாஷையில் பேசுவது?" என்று இத்தகைய தமிழ்க் குழந்தையின் தாய் கேட்டால், பள்ளிக்கூடத்தை உத்தேசித்து ஹிந்தி, இங்கிலீஷ் என்று யோசனை சொல்லச் சுற்றத்தில் ஆளிருக்கும். என் அபிப்பிராயத்தில் அது பெரும் அநியாயம். தாய்க்குச் சரளமாக வருகிற பாஷையில்தான் அவள் நாள் முழுதும் ஓயாமல் பேசமுடியும். குழந்தைக்குத் தேவையும் அதுவே. ஆகையால் பயிற்சிப் படங்களின் கீழ் மராத்திச் சொல்லோடு தமிழ்ச் சொல்லையும் தாயிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும் உதவியாளருக்கு, சம்பளச் சீட்டில் அதற்கென ஒரு காசு கூடாவிட்டாலும், வேலை பாதி முடிந்த மாதிரிதான்.