காசு கொடுத்தவன் நுகர்வோன்! காசில்லாதவன் யார்?

ஒரே தெருவில் வாழும் சுமைத் தொழிலாளர் இருவர். இருவருக்கும் வயிற்றில் ஒரே நோய். ஒரே வகை ஆபரேஷன். ஒருவர், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். மற்றவருக்கு அடகு வைக்கவும் ஏதுமில்லை. அரசாங்கத்தின் இலவச ஆஸ்பத்திரியை நாடுகிறார். இருவர் வயிற்றிலும் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். வலி ஒன்றுதான், வடுவும் ஒன்றுதான். சட்டம் மட்டும் ஒன்றல்ல, தோழர்களே!

முன்னவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறக்கிறது. பின்னவரின் முகத்தில் அதே கதவு அறைந்து சாத்தப்படுகிறது.

ஏன் இந்தப் பேதம்? 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டாக்டரின் சிகிச்சை அதில் அடங்குமா என்று கேள்வி எழுந்தது. அடங்காது என்றது 1994இல் சென்னை உயர்நீதி மன்றம். அடங்கும் என்றது 1995இல் உச்சநீதி மன்றம். வரவேற்க வேண்டிய தீர்ப்புத்தான். ஆனால் அந்தத் தீர்ப்பே ஒரு கோடும் கிழித்தது: எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே! பதிவுச் சீட்டுக்குக் கொடுக்கும் சில்லறைக் காசு கட்டணம் ஆகாதாம். மக்கள் கட்டும் வரியும் கட்டணம் ஆகாதாம். 2019இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்த பின்பும் அந்தக் கோடு அழியவில்லை.

தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கிறான் ஏழை. அந்த வரியில்தான் ஆஸ்பத்திரி எழுகிறது. ஆனாலும் அவன் அங்கே உரிமையாளன் அல்லன், இரவலன்! இது என்ன நியாயம்?

தொழிலாளத் தோழர்கள் ஒன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இலவச ஆஸ்பத்திரி அல்ல. கூலியில் பிடித்த பணத்தால் நடப்பது. ஆகவே அங்கு நேரும் தவறுக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம் என்று 2007இல் உச்சநீதி மன்றமே கூறிவிட்டது.

கூலியில் பிடித்தம் செய்யவும் வழியற்ற தோழனுக்கு என்ன வழி? மாநில மருத்துவக் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டர்களின் பதிவேட்டைக் காத்து வரும் அமைப்பு அது. தவறு மெய்ப்பட்டால் பெயரை நீக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு காசு இழப்பீடு வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. மீதம் இருப்பது சிவில் கோர்ட்.

அந்தப் பாதை எவ்வளவு நீளம்? 1963இல் மராட்டியத்தின் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்ற தாய் ஒருத்திக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள் துணித்துண்டு தங்கிவிட்டது, தாய் மாண்டாள். அரசே பொறுப்பு என்று உச்சநீதி மன்றம் முடிவாகத் தீர்ப்பளித்த ஆண்டு 1996. இடையிலே ஓடியவை முப்பத்து மூன்று ஆண்டுகள்!

உடனே சிலர், ‘டாக்டர்கள் மீது பாய்கிறீர்களா?’ என்பர். இல்லை. நூறு நோயாளிகளுக்கு நடுவே கண் துஞ்சாமல் நிற்கும் அரசு டாக்டர், நமது இட ஒதுக்கீடு ஈன்றெடுத்த பிள்ளை. குடும்பத்தில் முதன்முதல் பட்டம் கண்டவர். அவரைக் கைவிலங்கிட வேண்டும் என்பதல்ல நமது வேட்கை. கண்மூடித்தனமாகக் கைது செய்யலாகாது, கடும் அலட்சியம் இருந்தாலன்றிக் குற்றவழக்கு கூடாது என்று 2005இல் உச்சநீதி மன்றம் சொன்னதை நாமும் ஏற்கிறோம். டாக்டரை அடிப்பது வீரமல்ல, சட்டப்படி குற்றம். நாம் கேட்பது தண்டனை அல்ல, நிவாரணம். டாக்டரின் சட்டைப்பையிலிருந்து அல்ல, அரசின் கருவூலத்திலிருந்து!

ஆஸ்பத்திரிகள், அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. டில்லியின் வாயிலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பாதிக்கப்பட்டோருக்குக் கட்டணமின்றி, வக்கீலின்றி, குறித்த நாளுக்குள் இழப்பீடு வழங்கும் மன்றம் ஒன்றைத் தமிழ்நாடே சட்டமியற்றி அமைக்கட்டும். மருத்துவத்தை ஏழையின் வாசலுக்குக் கொண்டு வந்த மண், நியாயத்தையும் கொண்டு வரட்டும்.

அதுவரை கிளைக் கழகத் தோழர்கள் செய்ய வேண்டியவை உண்டு. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவின்றி ஊசி போடுகிறவனுக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உள்நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி, எழுதிக் கேளுங்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டே ஆண்டுகள், மறவாதீர்கள்.

காசுக்கொரு நீதி, கையேந்தினால் ஒரு நீதி என்பது மனுவின் மரபு. அதை மருத்துவமனை வாசலிலும் மாற்றியே தீருவோம்!