உங்களுக்குத் தெரியுமா? திருச்சபையில் பெண் குரு

சிவகங்கை மாவட்டத்தில் இரண்டு திருச்சபைகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன: தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம், கத்தோலிக்கரின் சிவகங்கை மறைமாவட்டம். பெண் குருவாகலாமா என்ற கேள்விக்கு இவை தரும் விடைகள் வேறு வேறு.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976இல் எலிசபெத் பால் என்பவரைத் தன் முதல் பெண் குருவாக ஏற்றது. முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல்தான். 37 ஆண்டுகள் மிக நீண்ட இடைவெளி. கத்தோலிக்கத் திருச்சபையோ குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே என்பதை 1994இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. இயேசு தேர்ந்துகொண்ட பன்னிரு திருத்தூதரும் ஆண்களே என்பது அதன் முக்கிய வாதம்.

பெண்ணுரிமை பேசும் கிறிஸ்தவர்களும் வேதாகமத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் மகதலேனா மரியாள். கெங்கிரேயா சபையின் ஊழியர் என்று பவுல் பரிந்துரைத்த பெபேயாளும் பெண். இந்த வாசிப்பை ஆலயத்துக்கு வெளியேயும் கொண்டுசென்றவர்களில் கேப்ரியேல் டீட்ரிச் முக்கியமானவர். ஜெர்மனியில் பிறந்த அவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தார். பெண்ணுரிமை இயக்கத்தில் சேர்ந்து, குடிசைப் பகுதிப் பெண்களின் வீட்டுரிமைக்காகவும் உழைத்தார்.